கீசரைக் கெடுப்பது எது? உப்புப் படிவும் துருவும்

மதுரையில் ஒரு கீசர் கெட்டுப்போனால் காரணத்தைத் தேடி யாரும் அலைவதில்லை. “போர் தண்ணி அண்ணே, உப்பு அரிச்சிருச்சு” என்று மெக்கானிக் சொல்லிவிடுவார். காயில் எரிந்தாலும் அதுதான் காரணம், டேங்கில் ஓட்டை விழுந்தாலும் அதுதான், வெந்நீரில் வாடை அடித்தாலும் அதுதான். கேட்பவரும் தலையாட்டிவிட்டுப் புதுக் கீசருக்குப் பணம் எடுத்து வைப்பார்.

அந்த ஒரு வரிக்குள் இரண்டு தனிச் சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, தண்ணீரில் கரைந்திருந்த பொருள் வெளியே வந்து உலோகத்தின் மேல் படிவது. இன்னொன்று, உலோகமே கரைந்து தண்ணீருக்குள் போவது. முதலாவதைப் படிவு என்றும் இரண்டாவதை அரிப்பு என்றும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். இரண்டும் நேர்மாறான வேலைகள். படிவு காயிலைக் கெடுக்கும், அரிப்பு டேங்கைக் கெடுக்கும். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்கு உதவாது. சில நேரம் மற்றதை மோசமாக்கவும் செய்யும். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், ஐந்து வருஷத்தில் தூக்கிப் போடும் கீசரை அதற்கு மேலும் பல வருஷம் ஓட்டலாம்.

கீசருக்குள் என்ன இருக்கிறது

வெளியே தெரியும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் நுரைப் பொதி, அதற்குள் ஓர் இரும்பு டேங்க். இரும்பு நேராகத் தண்ணீரில் படாதபடி உள்பக்கம் கண்ணாடி போன்ற எனாமல் பூச்சு இருக்கும். சில மாடல்களில் டேங்கே எவர்சில்வரில் வரும். பச்சைத் தண்ணீர் அடியில் நுழையும். சூடானது மேலே நிற்கும், அங்கிருந்தே குழாய்க்குப் போகும்.

அடித்தட்டைக் கழற்றினால் நான்கு சாமான்கள் தெரியும். சூடேற்றும் காயில். தேவையான சூடு வந்ததும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட் வேலை செய்யாமல் சூடு எகிறினால் கரண்டைத் துண்டிக்கும் கட்-அவுட். அப்புறம் ஒரு விரல் பருமனில், சாம்பல் நிறத்தில் ஒரு கம்பி. அதற்குக் கரண்ட் இணைப்பும் கிடையாது, தண்ணீர் இணைப்பும் கிடையாது. எதற்கு இருக்கிறது என்றே தெரியாமல், கரைந்து போயிருந்தால் “இதுவும் போச்சு” என்று குப்பையில் போடப்படுகிற கம்பி அது. டேங்கின் ஆயுள் அந்தக் கம்பியைத்தான் நம்பியிருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நம்ம ஊர் தண்ணீரும் டி.டி.எஸ். குழப்பமும்

யானைமலையைப் பார்த்தாலே தெரியும், மதுரை பாறை பூமி. இங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் மணலில் ஊறி நிற்பதில்லை. சார்னோகைட், நைஸ் போன்ற கெட்டிப் பாறைகளின் விரிசல்களில் நெடுங்காலம் தங்கிக் கிடக்கிறது. தங்கும் காலம் கூடக் கூட, பாறையிலிருந்து கால்சியமும் மெக்னீசியமும் அதில் கரைகின்றன. வைகை அணையிலிருந்து வரும் கார்ப்பரேஷன் தண்ணீர் ஆற்றுத் தண்ணீர், அதில் இவை குறைவு. பல வீடுகளில் இரண்டும் ஒரே மொட்டைமாடி டேங்கில் கலக்கின்றன. அதனால் ‘எங்கள் வீட்டுத் தண்ணீர்’ என்பது வாரத்துக்கு வாரம் மாறும்.

இங்கேதான் முதல் குழப்பம். தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாப் பொருள்களின் மொத்த அளவு டி.டி.எஸ். அதில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பது கடினத்தன்மை. பேனா மாதிரி இருக்கும் மீட்டரைத் தண்ணீரில் முக்கி, “டி.டி.எஸ். ஆயிரம் காட்டுது, அதான் கீசர் போச்சு” என்கிறார்கள். அந்த மீட்டர் தண்ணீர் எவ்வளவு கரண்டைக் கடத்துகிறது என்று மட்டும் பார்த்து ஒரு எண்ணைச் சொல்கிறது. கரைந்திருப்பது சமையல் உப்பா, கால்சியமா என்று அதற்குத் தெரியாது. ஆயிரம் டி.டி.எஸ். உள்ள இரண்டு தண்ணீரில் ஒன்று கீசருக்குள் கல்லாகப் படியலாம், இன்னொன்று படியாமலே இருக்கலாம்.

சாஃப்ட்னர் வாங்கியவர்கள் ஏமாந்ததாக நினைப்பதற்கும் இதுவே காரணம். சாஃப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அதற்குப் பதிலாகச் சோடியத்தைத் தண்ணீரில் விடும். கடினத்தன்மை விழுந்துவிடும், டி.டி.எஸ். ஏறக்குறைய அப்படியே இருக்கும். மீட்டரில் எண் குறையவில்லை என்பதால் சாஃப்ட்னர் வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012) கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை விடுகிறது. உங்கள் வீட்டு எண்ணைத் தெரிந்துகொள்ள மீட்டர் வேண்டாம். சொட்டு மருந்து விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் கடினத்தன்மைப் பரிசோதனைக் கிட் போதும். குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தும் பார்க்கலாம்.

சுருக்கமாக: கீசரில் படிவது டி.டி.எஸ். அல்ல, கடினத்தன்மை. ஆனால் டி.டி.எஸ். அரிப்புக்கு உதவும், ஏனென்றால் உப்பு கூடிய தண்ணீர் கரண்டை நன்றாகக் கடத்தும்.

படிவு: காயிலின் எதிரி

சீனி சூடான தண்ணீரில் சுலபமாகக் கரைகிறது. கால்சியம் கார்பனேட் அப்படியில்லை, சூடு ஏற ஏற அதன் கரையும் அளவு குறைகிறது. பச்சைத் தண்ணீரில் அது பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும். சூடாகும்போது கரியமில வாயு பிரிந்து போய்விட, மிச்சம் சுண்ணாம்புக்கல்லாக வெளியே வருகிறது. வெந்நீர் போடும் குண்டானின் அடியில் வெள்ளையாக ஒட்டியிருப்பதும் இதுவேதான். டேங்குக்குள் மிகச் சூடான இடம் காயிலின் மேற்பரப்பு, அதனால் முதலில் அங்கே பிடிக்கும்.

கடினத்தன்மை 600 உள்ள தண்ணீரில் ஒரு நாளைக்கு 50 லிட்டர் சூடாக்கினால், 30 கிராம் கல்லுக்குரிய சரக்கு கீசர் வழியாகப் போகிறது. நூறு நாளில் 3 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு படிந்தாலே 300 கிராம்.

படிவு பிடித்தால் கரண்ட் பில் பல மடங்கு ஏறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மின்சாரக் கீசரில் அது சரியில்லை. காயில் முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறது. 2000 வாட்டை எடுத்துக்கொண்டால் அந்த வெப்பம் தண்ணீருக்குள்தான் போயாக வேண்டும், வேறு வழியே கிடையாது. நடப்பது வேறு. செம்பு கடத்தும் வெப்பத்தில் நூறில் ஒரு பங்குகூடச் சுண்ணாம்புப் படிவு கடத்தாது. வெப்பத்தை வெளியே தள்ளக் காயில் முன்பைவிட மிக அதிகச் சூட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. காயிலின் வெளிக்கூடு செம்பாலோ நிக்கல் கலந்த உலோகத்தாலோ ஆனது. உள்ளே கரண்ட் ஓடிச் சூடாகும் நிக்ரோம் கம்பி, இரண்டுக்கும் நடுவே மெக்னீசியம் ஆக்சைடு மாவு. அந்த மாவு வெப்பத்தை விடும், கரண்டை விடாது. கூடு அதிகச் சூட்டில் வெடித்தால் தண்ணீர் மாவுக்குள் இறங்கும். மாவு ஈரமானால் கரண்டைத் தடுக்காது. அப்போதுதான் தண்ணீரில் ஷாக் அடிக்கிறது, அல்லது வீட்டில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் கீசர் போட்டவுடன் டிரிப் ஆகிறது. படிவில் எனக்கு உண்மையான பயம் இந்த ஒன்றுதான். எர்த் சரியாக இல்லாத, ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் கீசரே மாட்டக்கூடாது என்பேன்.

அப்படியானால் தண்ணீர் சூடாக ஏன் நேரமாகிறது? 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2000 வாட் காயிலுக்குச் சுமார் 17 நிமிடம் போதும், அரை யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும். வோல்டேஜ் 230-லிருந்து 200-க்கு விழுந்தால் காயிலின் சக்தி 1500 வாட்டுக்கு இறங்கிவிடும், நேரம் 22 நிமிடத்தைத் தாண்டும். காலையில் தெருவே கீசர் போடும் நேரத்தில் தாமதமானால் முதலில் வோல்டேஜைச் சந்தேகப்படுங்கள். நேரம் சரியாக இருந்தும் வெந்நீர் சீக்கிரம் தீர்ந்தால், டேங்க் அடியில் கல்பொடி சேர்ந்து தண்ணீரின் இடத்தைப் பிடித்திருக்கலாம். சூடாகும்போது கீசர் கடகடவென்று சத்தம் போட்டால் படிவுக்கு அடியில் நீராவிக் குமிழ்கள் உடைகின்றன என்று பொருள்.

அரிப்பு: அந்தக் கம்பியின் வேலை

திருமங்கலம், டி. கல்லுப்பட்டிப் பக்கம் கரிசலில் பருத்தி போடுபவர்களுக்குத் தெரிந்த ஒரு வழக்கம் உண்டு. வயலின் ஓரத்தில் ஆமணக்கு விதைப்பார்கள். பருத்தி இலையைத் தின்னும் புரொடீனியா புழுவின் தாய் அந்துப்பூச்சிக்குப் பருத்தியைவிட ஆமணக்கு இலை பிடிக்கும், அதனால் முட்டையை அங்கே போய் இடும். ஆமணக்கைப் பொறிப்பயிர் என்பார்கள். அதன் இலை சல்லடையானால் விவசாயி வருத்தப்படுவதில்லை, அதற்காகத்தான் அது நிற்கிறது. ஆனால் ஆமணக்கைப் போட்டதோடு மறந்துவிடக்கூடாது. இலை முழுக்கத் தீர்ந்த பிறகு புழு பருத்திக்கு வரும்.

கீசருக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பி அப்படி ஒரு பொறிப்பயிர். இதற்கு ஆனோடு என்று பெயர்: தான் கரைந்து இன்னோர் உலோகத்தைக் காப்பதற்காக வைக்கப்படும் உலோகம்.

இனி உண்மையில் நடப்பதைப் பார்ப்போம். இரும்பு துருப்பிடிப்பது என்றால், இரும்பு அணு தன் எலக்ட்ரான்களை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் கரைவது. அந்த எலக்ட்ரான்களைத் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. எனாமல் பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெல்டிங் ஓரங்களில் ஊசிமுனை அளவு ஓட்டைகள் இருக்கும். இரும்பு அங்கேதான் தண்ணீரைத் தொடுகிறது, துருவும் அங்கேதான் தொடங்கும். தண்ணீர் சூடாக இருப்பதால் வேகமும் கூடுதல்.

உலோகங்களுக்குள் எலக்ட்ரானை யார் முதலில் விடுவது என்று ஒரு வரிசை உண்டு. மெக்னீசியம் முந்தும், அப்புறம் அலுமினியம், துத்தநாகம், இரும்பு, கடைசியில் செம்பு. மெக்னீசியமும் இரும்பும் ஒரே தண்ணீரில் நின்று, உலோகத்தாலும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால், மெக்னீசியம் விடும் எலக்ட்ரான்கள் தட்டு வழியாக இரும்புக்கு வந்து சேரும். ஆக்சிஜன் அதையே வாங்கிக்கொள்ளும். இரும்பு தன்னுடையதை விட வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. ஆகவே மெக்னீசியம் கரைகிறது, டேங்க் தப்பிக்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகும். கம்பி டேங்கின் உலோகத்தோடு தொடர்பில் இருக்க வேண்டும், அந்தத் தொடர்பு அறுந்தால் கம்பி சும்மா தொங்கும். கம்பி தண்ணீருக்குள் மூழ்கியிருக்கவும் வேண்டும். ஈரத்தோடு காலியாகக் கிடக்கும் டேங்கை அது காப்பாற்றாது.

இந்த யோசனை 1824-இல் வந்தது. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் செம்புத் தகடு அடித்திருப்பார்கள், கடல் நீர் அதை அரித்துக்கொண்டிருந்தது. ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி செம்போடு துத்தநாக, இரும்புத் துண்டுகளை இணைத்துக் காட்டினார். செம்பு கரைவது நின்றுவிட்டது. ஆனால் கொஞ்சமாகக் கரைந்த செம்புதான் அதுவரை சிப்பியும் பாசியும் ஒட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. கரைவது நின்றதும் கப்பலடி முழுக்க அவை அப்பிக்கொண்டன. அறிவியல் சரி, கடற்படைக்குத்தான் தோதுப்படவில்லை.

கீசரிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. காயிலைக் காப்பாற்ற சாஃப்ட்னர் போடுகிறீர்கள். படிவு குறையும், காயில் பிழைக்கும். அந்தத் தண்ணீரில் மெக்னீசியக் கம்பி வேகமாகக் கரையும். முன்பு லேசான சுண்ணாம்புப் படலம் இரும்புக்கு ஓரளவு மறைப்பாக இருந்தது, இப்போது அது இல்லை. சாஃப்ட்னர் போட்ட வீடுகளில் கம்பியை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். ஆனால் அங்கேதான் “எங்களுக்குச் சாஃப்ட்னர் இருக்கே” என்று யாரும் பார்ப்பதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. மிகக் கடினமான போர் தண்ணீரில் கம்பியின் மேலேயே சுண்ணாம்பு ஓடு கட்டிவிடும். ஓட்டுக்குள் மாட்டிய கம்பி கரையாது, டேங்கையும் காக்காது. நான்கு வருஷமாகியும் கம்பி முழுசாக இருந்தால் சந்தோஷப்படாமல், சுரண்டி உலோகம் தெரிகிறதா என்று பாருங்கள்.

சுருக்கமாக: ஆனோடு கரைவது பழுது அல்ல, அதன் வேலையே அதுதான். கரைந்து முடிந்த பிறகு மாற்றாமல் விடுவதுதான் டேங்கைக் கொல்கிறது.

பயண வண்டிகளில் ஒரு நல்ல ஏற்பாடு

தூங்க, சமைக்க வசதியுள்ள கேரவன் வண்டிகளின் வாட்டர் ஹீட்டரில் சுமார் 23 லிட்டர் டேங்க் இருக்கும், கேஸிலோ கரண்டிலோ ஓடும். இரும்பு டேங்க் உள்ள மாடல்களில் ஆனோடு கம்பி வடிகால் திருகோடு சேர்ந்தே வரும். வண்டிக்கு வெளியிலிருந்து திருகைக் கழற்றினால் தண்ணீரும் வடியும், கம்பியும் கையோடு வந்துவிடும். பார்க்க மறப்பது கஷ்டம். (அலுமினிய டேங்க் உள்ள மாடல்களில் இந்தக் கம்பி கிடையாது.) கேஸில் ஓடுவதில் படிவின் கணக்கும் மாறும். நெருப்பு டேங்குக்கு வெளியே எரிவதால், உள்ளே கல் படிந்தால் வெப்பம் புகையோடு வெளியேறிவிடும், எரிபொருள் உண்மையிலேயே வீணாகும். நம் வீட்டுக் கீசரில் கம்பி அடித்தட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, அதனால்தான் டேங்க் ஒழுகும் வரை யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

எது கெட்டது என்று தண்ணீரே சொல்லும்

வெந்நீர் மட்டும் செம்பழுப்பாக வந்தால் டேங்கில் துரு. பச்சைத் தண்ணீரும் அப்படியே வந்தால் கீசரைக் குறை சொல்லாதீர்கள், போரிலேயோ குழாயிலேயோ இரும்பு இருக்கிறது. வெள்ளைத் துகள் வந்தால் படிவு.

அழுகிய முட்டை வாடை தனிக் கதை. சல்பேட் உள்ள நிலத்தடி நீரில் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் ஒருவகை பாக்டீரியா அதை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகிறது. மெக்னீசியம் கரையும்போது நடக்கும் வேதிவினை அதற்குத் தோதாக அமைகிறது. வாடைக்குப் பயந்து கம்பியைப் பிடுங்கி எறிபவர்கள் உண்டு. வாடை போகும், கூடவே டேங்கும் போகும். மெக்னீசியத்துக்குப் பதில் அலுமினியமும் துத்தநாகமும் கலந்த கம்பி போட்டு, தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

வால்வில் சொட்டுவதை அடைக்காதீர்கள்

தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் இருக்கும் சேஃப்டி வால்வு, அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியே விடும். 15 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடானால் கிட்டத்தட்ட 200 மில்லி விரியும். பின்னால் போகவிடாத வால்வும் அதற்குள்ளேயே இருப்பதால், அது சொட்டுச் சொட்டாக வெளியேறித்தான் ஆக வேண்டும். இதைக் கசிவு என்று நினைத்து எம்சீல் வைத்து அடைப்பதைவிட ஆபத்தான காரியம் கீசரில் வேறில்லை. தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒருசேரப் பழுதானால், அடைபட்ட டேங்க் வெடிக்கும். சுவிட்ச் அணைத்திருக்கும்போதும் இடைவிடாமல் ஒழுகினால் மட்டும் வால்வை மாற்றுங்கள்.

சர்வீஸ் என்று எதைக் கேட்பது

போர் தண்ணீர் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை, கார்ப்பரேஷன் தண்ணீர் மட்டும் என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அடித்தட்டைக் கழற்றச் சொல்வேன். ஐப்பசியில் மழை பிடிப்பதற்கு முன் செய்தால் நல்லது. வெளியே துடைத்துவிட்டுப் போவது சர்வீஸ் அல்ல. மெயினை அணைத்து, தண்ணீரை வடித்து, காயிலையும் கம்பியையும் வெளியே எடுத்து உங்கள் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். கம்பியின் நடுவில் இருக்கும் மெல்லிய இரும்பு நரம்பு தெரிய ஆரம்பித்தால் மாற்ற வேண்டிய நேரம். புதுக் கம்பியின் விலையைப் புது டேங்கின் விலையோடு ஒப்பிடவே முடியாது. தட்டின் ரப்பர் வாஷரையும் அப்போதே மாற்றிவிடுங்கள், பழையதை மறுபடி மாட்டினால் கசியும்.

காயிலில் படிந்ததை எடுக்க மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) வெந்நீரில் கரைத்து ஊற வைத்தால் போதும், நுரைத்துக்கொண்டு கழன்று வரும். பாத்ரூம் ஆசிட்டை டேங்குக்குள் ஊற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அதற்கு விடாதீர்கள். அது சுண்ணாம்போடு நிற்காது, மெக்னீசியத்தையும் இரும்பையும் சேர்த்துத் தின்னும்.

மாட்டி முடித்ததும் வெந்நீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் நிறைந்து வெளியே வரும் வரை சுவிட்சைப் போடக்கூடாது. காலி டேங்கில் காயில் எரிந்துபோகும்.

கோடையில் சும்மா கிடக்கும் கீசர்

பங்குனி முடிந்தால் நம்ம ஊரில் மொட்டைமாடித் தண்ணீரே கொதிக்கும், கீசருக்கு மூன்று நான்கு மாதம் வேலையில்லை. அப்போதும் கம்பி கரைந்துகொண்டுதான் இருக்கும். டேங்கை வடித்துவிட்டு ஈரத்தோடு விடுவதைவிடத் தண்ணீரோடு விடுவது மேல்.

மறுபடி ஆரம்பிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். மெக்னீசியம் கரைகையில் சிறிதளவு ஹைட்ரஜன் வாயு உண்டாகி டேங்கின் மேல்பகுதியில் சேரும். எரியக்கூடிய வாயு அது. வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்த கீசர் என்றால், பாத்ரூம் ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் தீக்குச்சி, சிகரெட் எதுவும் இல்லாமல் வெந்நீர்க் குழாயை முதலில் திறந்துவிடுங்கள். புஸ்ஸென்று காற்று வரும், கொஞ்சம் கலங்கலும் வரும். அது நின்று தண்ணீர் தெளிவாக, சீராக ஓட ஆரம்பித்த பிறகு சுவிட்சைப் போடலாம்.